பலகை திரும்பியிருந்தால்

எங்கள் கம்பெனிக் கப்பல் தினமும் காலையில் நகரத்திலிருந்து கிளம்பி நான்கு தீவுகளுக்குப் போகும், பிற்பகலில் வந்த வழியே திரும்பும். ஆளும் ஏறும், சரக்கும் ஏறும். முதல் தீவு, இரண்டாம் தீவு, கடைசியில் இருக்கும் பெரிய தீவு மூன்றிலும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கப்பல் நின்றுதான் போகும். நடுவில் இருக்கும் மூன்றாம் தீவில் மட்டும் கேட்டால்தான் நிற்கும். கேட்பது வாயால் அல்ல. துறையின் முனையில் ஓர் இரும்புக் கம்பம், அதில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை தெரிந்தால் ஏற ஆள் இல்லை, பேசாமல் போகலாம். சிவப்பு தெரிந்தால் நிற்க வேண்டும். போன் காலத்திலும் இது என்ன கூத்து என்று கேட்காதீர்கள். அந்தத் தீவில் சிக்னல் வேண்டுமென்றால் மலை உச்சிக்கு ஏற வேண்டும்.

அந்தப் பலகையைத் திருப்புவதற்கும், வரும் சாமான்களை வாங்கி வைப்பதற்கும் கம்பெனி ஓர் ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லோருக்கும் அவர் பலகை அக்கா. எனக்கு மட்டும் அண்ணி.

அண்ணி ஆனது எப்படியென்றால், அவருடைய வீட்டுக்காரர் எங்கள் கப்பலில் கயிறு போடுகிறவராக இருந்தார். கப்பல் துறையை நெருங்கும்போது கயிற்றை வீசிக் கட்டையில் மாட்டுகிற வேலை. நான் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்த புதிதில், அலையில் குடல் வாய்க்கு வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணியைப் பாக்காதே, என் மூஞ்சியைப் பாரு, அதை விட மோசமா எதுவும் இல்ல" என்றவர். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். ஒரு மழைநாள் காலையில் கப்பல் திடீரென்று ஒரு குலுக்குக் குலுக்க, கப்பலுக்கும் துறைக்கும் நடுவே அவருடைய இடது கால் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது பலகை ஆள் வேலை காலியாக இருந்தது. கம்பெனி அதை அண்ணிக்குக் கொடுத்தது. "என் கால் போச்சு, கப்பலை நிறுத்த அவ கை வந்துச்சு" என்று அண்ணன் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவருக்காகச் சிரித்து வைப்பேன்.

அண்ணியின் அலுவலகம் துறையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கடிகாரம், ஆணியில் மாட்டிய கறுப்புக் குடை, சாமான் இழுக்க நாலு சக்கர வண்டி ஒன்று. காலி கேஸ் சிலிண்டர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். சரக்கு விஷயத்தில் அவரிடம் யார் பாச்சாவும் பலிக்காது. ஒரு முறை, கதவைக் கட்டாமல் வந்த ஃப்ரிட்ஜை இறக்கவே விடவில்லை. "வழியில கதவு திறந்து யார் மூக்கை உடைச்சாலும் பதில் சொல்றது நானா நீயா?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார். கயிறு தேடி, கட்டி, முடிச்சை அவரிடம் காட்டிய பிறகுதான் அது கரையைப் பார்த்தது. அந்த ஃப்ரிட்ஜ் அவருடைய வீட்டுக்கே வந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

வீடு துறைக்கு மேலே சரிவில் இருந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதிதாக வந்த கயிற்றுக்காரன் எப்படிக் கயிறு போடுகிறான் என்று அண்ணன் தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சரியாக விழவில்லை என்றால் அங்கிருந்தே சத்தம் போடுவார். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கைதான் தெரியும். அந்தக் கையைப் பார்த்து, "உங்க வாத்தியார் திட்டுறாருடா" என்று கயிற்றுக்காரனை நாங்கள் ஓட்டுவோம்.

சில வருஷம் கழித்து அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பெரிய தீவு ஆஸ்பத்திரியில் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த இரண்டு நாளும் பலகை சிவப்பாக இருக்கும். நாலு சக்கர வண்டியில் அவரை உட்கார வைத்து, ஊன்றுகோலை மடியில் கொடுத்து, அண்ணி தள்ளிக்கொண்டு வந்து, அவரோடு தானும் ஏறுவார். "கேஸ் சிலிண்டர் ஒண்ணு, பழசு, ஜாக்கிரதையா ஏத்துங்க" என்பார் அண்ணன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ செய்ய வேலையில்லாமல் போயிற்று. ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் தீவில் மாதத்துக்குப் பதினைந்து நாளாவது பயணி ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் அதற்குக் குறைந்தால் நிறுத்தம் எடுக்கப்படும். தீவில் அப்போது பதினொரு வீடு. அண்ணனுடைய செவ்வாய் வெள்ளியை எண்ணினால் எட்டு, ஒன்பது நாள் தேறும். மற்ற வீடுகளெல்லாம் சேர்ந்து இரண்டோ மூன்றோ. மீதி நாளுக்கு எங்கே போவது?

நிறுத்தம் போய்விட்டால் அண்ணனுக்கு இரண்டே வழிதான். ஒன்று, வாரத்தில் இரண்டு முறை அந்த நீரோட்டத்தில் சின்னப் படகில் போவது. ஒற்றைக் காலோடு அது நடக்கிற காரியமில்லை. இன்னொன்று, வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் போய்க் கிடப்பது. அதைச் சொன்னாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இருக்கிறவரைக்கும் கப்பலைப் பாத்துக்கிட்டு என் ஜன்னல்ல உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரி வாசல்ல படுத்துக்கிட்டு எதைப் பாக்கச் சொல்றீங்க, சைக்கிள் ஸ்டாண்டையா?"

அடுத்த புதன்கிழமை பலகை சிவப்பாக இருந்தது. துறையில் அண்ணி மட்டும் குடையும் கூடையுமாக நின்றிருந்தார்.

"என்ன அண்ணி, அண்ணன் வரலையா?"

"இன்னைக்கு அவருக்கு இல்ல, எனக்குத்தான். பெரிய தீவுக்கு ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு, கிழி."

"உங்களுக்குத்தான் பாஸ் இருக்கே, எதுக்கு டிக்கெட்?"

"பாஸ்ல போனா பயணின்னு எழுதுவியா?"

எழுத மாட்டேன். பாஸில் போகிறவர் ஊழியர், பயணி இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் டிக்கெட் கட்டை எடுத்தேன். 

பெரிய தீவில் கப்பல் ஐந்து மணி நேரம் நிற்கும். அண்ணி இறங்கக்கூட மாட்டார். மேல்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து கூடையிலிருந்து பட்டாணியை எடுத்து உரித்துக்கொண்டிருப்பார். கிழிந்த துணி இருந்தால் தைப்பார். திரும்பும்போது தன் துறையில் இறங்கி, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, பலகையை வெள்ளைக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். மாதத்துக்கு எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நாள் இந்தப் பயணம்.

கப்பலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் கேப்டனுக்கு நாங்கள் வைத்த பேர் மணிக்கூண்டு. ஒரு நிமிஷம் தாமதமானாலும் முகம் சுருங்கிவிடும். அவரே, "அக்காவுக்கு இன்னைக்கு உத்தியோகமா, பயணமா?" என்று கேட்டுச் சிரிப்பார். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

குட்டு வெளிப்பட்டதற்குக் காரணம் அண்ணியின் ஒழுங்குதான். எல்லா மாதமும் நூல் பிடித்தாற்போல் பதினைந்து நாள். பதினாலும் இல்லை, பதினாறும் இல்லை. தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரு புதன்கிழமை காலையில், கையிடுக்கில் ஒரு ஃபைலோடு, பளபளவென்ற ஷூவோடு, ஓர் இன்ஸ்பெக்டர் கப்பலில் ஏறினார். மூன்றாம் தீவில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வந்திருப்பதாக என்னிடமே சொன்னார்.  அண்ணிக்குச் சொல்லவும் வழியில்லை.

பலகையைப் பார்த்துச் சொல்வது எங்கள் கப்பலில் டிக்கெட்காரன் வேலை. இறங்க ஆள் உண்டா என்பது அவனுக்குத்தான் தெரியும், ஏற ஆள் உண்டா என்பதையும் அவனே பார்த்துச் சொல்லிவிட்டால் கேப்டனுக்கு ஒரே பதிலாகப் போகும். மேலும் காலையில் வெயில் நேர் எதிரே அடிக்கும், மணிக்கூண்டுக்குக் கண்ணில் புரை வேறு. இரண்டாம் தீவு தாண்டி ஒரு மைல் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நிற்பதாக இருந்தால் துறைப் பக்கம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் கப்பல் வெளிப்பக்கமாகவே போய்விடும். வெளிப்பக்கம் போனால் பலகையின் விளிம்புதான் தெரியும், நிறம் தெரியாது.

அன்றைக்கு அந்த வேலைக்காக பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். பலகை சிவப்பு. துறையில் யாரும் இல்லை.

அது எனக்குப் புதுசு. அண்ணி தன் பயண நாளில் கால் மணி நேரம் முன்னதாகவே குடையோடு நிற்கிறவர். ஏதோ மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார், இப்போது கூடையோடு ஓடி வருவார் என்று நினைத்தேன். இன்றைக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. நின்றால் இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே பலகை ஆளே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறப்போகிறார், வசமாக மாட்டிக்கொள்ளப் போகிறார். இன்று ஒரு நாள் நிற்காமல் போனால் என்ன, மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அண்ணியைக் காப்பாற்றுவதாக எண்ணம். கேப்டன் அறைக்குள் தலையை நீட்டிச் சொன்னேன்:

"வெள்ளை. இறங்கவும் ஆள் இல்ல."

கப்பல் வெளிப்பக்கமாகவே போனது. நான் பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பில் கீழே வந்து டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் தீவுப் பக்கக் கம்பியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க, யாரோ வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடி வர்றாங்க" என்றார்.

பார்த்தேன். சரிவிலிருந்து நாலு சக்கர வண்டி குலுங்கிக் குலுங்கி இறங்கி வந்தது. அதில் அண்ணன். உட்கார்ந்திருக்கவில்லை, முன்னால் கவிழ்ந்து கிடந்தார். பின்னால் அண்ணி, குடை இல்லை, கூடை இல்லை, காலில் செருப்புகூட இல்லை. துறை முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கத்தவில்லை. கை காட்டவில்லை. தன்னைத் தாண்டிப் போகும் கப்பலை ஒரு தடவை பார்த்தார். பிறகு பலகைக்கு எதிரே போய் நின்று, அதைத் தொட்டுப் பார்த்தார். தான் சரியாகத்தான் திருப்பினோமா என்று பார்க்கிறார்.

அதைப் பார்த்த என் கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

படி ஏறி ஓடினேன். "கேப்டன், சிவப்பு. சிவப்புன்னு தெரிஞ்சுதான் வெள்ளைன்னு சொன்னேன். அண்ணனை வண்டியில கொண்டு வந்திருக்காங்க. திருப்புங்க."

மணிக்கூண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.  சக்கரத்தைத் திருப்பினார்.

அண்ணனை ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன், இன்னொரு பக்கம் பிடித்தது இன்ஸ்பெக்டர். பளபள ஷூ துறைப் பாசியில் வழுக்கியும் பிடியை விடவில்லை. அண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. படுக்க வைத்தால் திணறுகிறது என்று பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தோம். விடியற்காலையிலிருந்தே இப்படி என்றார் அண்ணி. பலகையைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அண்ணனை வண்டியில் ஏற்றப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு வந்து, இரண்டு பேருமாகத் தூக்கி வைக்கவே அவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கயிறு... இன்னைக்காவது... ஒழுங்காப் போட்டானா?"

"போட்டான் அண்ணே" என்றேன். 

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். "டிக்கெட்."

"இந்த நேரத்துல என்ன அண்ணி..."

"ரெண்டு பேர் ஏறியிருக்கோம். கிழி."

கிழித்தேன். இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "நீங்கதானே அம்மா அங்க கம்பெனி ஆளு? நீங்களும் டிக்கெட் வாங்குறீங்களா?"

"ஆமா சார். வாரத்துல ரெண்டு நாள் இவருக்காக ஏறுவேன். நாள் குறைஞ்சா, நிறுத்தத்துக்காக ஏறுவேன். என் பேரு உங்க ஃபைல்ல நிறைய இருக்கும், பாத்துக்குங்க."

ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. எதைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பொய் சொன்னேனோ, அதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.  பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, பலகை சிவப்பா இருந்ததை நான் பாத்தேன். சார் வந்திருக்காரு, நீங்க மாட்டிக்குவீங்கன்னுதான் வெள்ளைன்னு சொல்லிட்டேன்."

"நான் எதுல மாட்டிக்குவேன்?"

"இல்ல, நீங்க சும்மா திருப்புற நாள்னு நெனச்சு..."

"சும்மாவா?" அண்ணி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். ரொம்பக் களைத்திருந்தார். "ஏறாம ஒரு நாளாவது நான் திருப்பியிருக்கேனா? திருப்பின நாளெல்லாம் ஆள் ஏறியிருக்கு. அந்த ஆள் நானா இருந்தா என்ன? இத்தனை வருஷத்துல அந்தப் பலகை ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. நீதான் சொன்ன."

 பெரிய தீவு வரும்வரை அண்ணனுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மணிக்கூண்டு இன்ஜினை விரட்டிய விரட்டில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, மெஷினில் போட்டு எடுத்துவிட்டோம், இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று நர்ஸ் சொன்னார். நான் பொய் சொல்லி, கப்பல் போய், திரும்பி வந்ததில் இருபத்திரண்டு நிமிஷம். கப்பல் புத்தகத்தில் மணிக்கூண்டு நேரம் போட்டு எழுதியிருக்கிறார். இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். நான் பார்ப்பதில்லை.

இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதினார். பதினைந்து நாளும் டிக்கெட் வாங்கிய பயணி ஏறியிருக்கிறார், அது யாராக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இல்லை, நிறுத்தம் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அதே அறிக்கையில் என்னைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. ஒரு மாதம் என்னை டிக்கெட்டிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டார்கள். முதுகு கழன்றது. எனக்கு அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அண்ணியோ அடுத்த செவ்வாயே, "என்ன கொழுந்தனாரே, மூட்டை கனமா, டிக்கெட் கனமா?" என்று கேலி பேசினார்.

அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் சில மாதமும் இருந்தார். போனது தன் வீட்டில், தன் ஜன்னலோரத்தில். அவர் விரும்பியது அதுதான். நாங்கள் எல்லோரும் போய் வந்தோம். கயிற்றுக்காரன் குழந்தை மாதிரி அழுதான்.

அப்புறம் மூன்று வாரம் பலகை வெள்ளையாகவே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். செவ்வாயும் வெள்ளை, வெள்ளியும் வெள்ளை. இனி யாருக்காக ஏறப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நிறுத்தமும் அண்ணனோடு போயிற்று என்று மணிக்கூண்டும் சொன்னார்.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை. பைனாகுலரில் பார்த்தேன். பலகை சிவப்பு. துறையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"பலகை திரும்பியிருக்கு கேப்டன்."

"ஆள் இருக்கா?"

"பலகை திரும்பியிருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் சக்கரத்தைத் திருப்பினார். கயிறு கட்டையில் சரியாக விழுந்தது. ஏறும் படியை இறக்கி வைத்தோம். யாரும் வரவில்லை. இரண்டு நிமிஷம் போனது, நாலு நிமிஷம் போனது. மணிக்கூண்டு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஆறாவது நிமிஷம் சரிவில் கறுப்புக் குடை தெரிந்தது. அண்ணி கூடையோடு அவசர அவசரமாக இறங்கி வந்து, மூச்சு வாங்க ஏறினார்.

"செருப்பு வாரு அறுந்துடுச்சுப்பா, மாத்திக்கிட்டு வர நேரமாயிடுச்சு. போயிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

"போக மாட்டோம் அண்ணி. எங்க போகணும்?"

"பெரிய தீவுக்கு ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு" என்றார்.  அவராகத்தான் பெஞ்சில் உட்கார்ந்து கூடையைத் திறந்துகொண்டே சொன்னார். "அஞ்சாவது வீட்டுப் பொண்ணுக்கு ஆறு மாசம். பிரசவத்துக்குப் பெரிய தீவுக்குத்தானே வரணும். மூணு வாரமா வீட்டுல கிடந்துட்டேன், இந்த மாசத்துக்கு இன்னும் எத்தனை நாள் குறையுதுன்னு எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.